பர்ஸில் இருந்த அட்டை

மார்ச் 3

அன்புள்ள வாண்டுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். முதல் வார்த்தையே பொய்யாகிவிடும் என்று விட்டுவிட்டேன். இருக்கிறோம். சாப்பிடுகிறோம், துணி துவைக்கிறோம், குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்குப் பிடித்து வைக்கிறோம்.

நீ போன் செய்துகொண்டே இருக்கிறாய், நான் எடுப்பதில்லை. கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே. "அண்ணி" என்று கூப்பிடுவதற்கு முன்னால் நீ ஒரு தடவை தொண்டையைச் செருமுவாய் அல்லவா, அது அச்சு அசலாக உன் அண்ணன். அன்றைக்கு ஒருமுறை எடுத்தேன், அந்தச் செருமல் கேட்டதும் வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். நாற்பது வயதுக்காரியை வாண்டு என்று எழுதுவதற்கும் கோபித்துக்கொள்ளாதே. உன் அண்ணன் வைத்த பெயர், அதை நான் மாற்றப்போவதில்லை.

அச்சகத்துக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். அதே மேஜை, அதே சிவப்புப் பேனா. மூலத்தையும் புரூஃபையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பார்க்கிறேன். வேலை நன்றாகவே ஓடுகிறது, அதுதான் எனக்கே பயமாக இருக்கிறது. "ஒரு தடவை வாய்விட்டு அழுதுடுங்க" என்று பைண்டிங் அக்கா தினமும் சொல்கிறாள். வரவில்லையே, என்ன செய்ய. பல் பிடுங்க ஊசி போட்டு அனுப்பிய கன்னம் மாதிரி இருக்கிறது.

உன் மருமகள் தொணதொணப்பு இப்போது தொணதொணப்பதில்லை. பன்னிரண்டு வருடமாக "ஏன்ப்பா, எதுக்குப்பா" என்று அவர் காதைக் குடைந்தவள். அவர் போன அன்றிலிருந்து ஒரு கேள்வி இல்லை. "சரிம்மா" மட்டும்தான்.

ஒன்று கேட்கத்தான் எழுதினேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த பையில் அவருடைய பர்ஸ் இருந்தது. அதற்குள் நீ எழுதிக் கொடுத்த அட்டை. பத்து வருடத்துக்கு முன் அவருக்கு அம்மை போட்டபோது, உன் மருந்துக்கடையிலிருந்து கொண்டுவந்த மாத்திரையால் உடம்பெல்லாம் தடித்து உதடு வீங்கியதே. நீதான் உடனே நிறுத்தச் சொல்லி, "இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்று எழுதி, மாத்திரையின் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாய். அவர் அதைக் கண்ணாடித்தாள் ஒட்டி வைத்துக்கொண்டார். லிஃப்ட் ரிப்பேருக்குப் போன இடத்தில், உள்ளே மாட்டிக்கொண்டவர்களை வெளியே இழுத்துவிட்டு அவர்களிடம்கூட அதைக் காட்டுவார்: "என் தங்கச்சி மருந்துக்கடைல இருக்கா, தெரியுமா?"

கடைசியாக இடுப்பில் அக்கி வந்தபோது கிளினிக் டாக்டரிடமும் காட்டினார். நானும் கூட இருந்தேன். சின்னப் பையன் மாதிரி டாக்டர். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தப் பேரு நான் கேள்விப்பட்டதே இல்ல. நான் எழுதுறது வேற மருந்துங்க" என்றார்.

வேறு மருந்துதானா, வாண்டு? வேறு மருந்து என்றால் அவருக்கு ஏன் அப்படி ஆனது?

உன்,
அண்ணி


மார்ச் 11

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கையெழுத்தை உறையில் பார்த்ததும் கடை வாசலிலேயே நின்று படித்தேன். போனை எடுக்காவிட்டால் பரவாயில்லை, இப்படி நாலு வரி எழுதினால் போதும். நானும் இனிமேல் செருமாமல் பேசப் பழகிக்கொள்கிறேன்.

மருந்து ஒவ்வாமை என்பது அப்படித்தான் அண்ணி. யாருக்கு, எதற்கு, எப்போது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வைரஸுக்குக் கொடுக்கிற மாத்திரைகள் நூறு பேருக்கு நல்லதுதான் செய்யும். எங்கேயோ ஒருவருக்கு உடம்பு அதை எதிரி என்று நினைத்துக்கொள்ளும். உதட்டில் ஊறல், தோலில் தடிப்பு என்று சிறிதாக ஆரம்பிக்கும். அப்போதே நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாமல் அடுத்ததைப் போட்டால் தொண்டை வீங்கி, மூச்சு அடைத்து, நிமிடக் கணக்கில் கை மீறிவிடும். அண்ணனுக்கும் காலையில் போட்ட முதல் மாத்திரைக்கே ஏதாவது தெரிந்திருக்கும். அவர் சுபாவம் உங்களுக்குத் தெரியாததா, விரல் நசுங்கினாலும் ஒன்றுமில்லை என்பார். சொல்லாமல் இருந்திருப்பார்.

நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தொணதொணப்பை லீவுக்கு இங்கே அனுப்புங்கள். அவள் கேட்காவிட்டால் என்ன, நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

அந்த அட்டையை எனக்கு அனுப்பிவிடுங்கள் அண்ணி. அதை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் மனசுதான் கெடும்.

என்றும் உங்கள்,
வாண்டு


ஏப்ரல் 2

அன்புள்ள வாண்டுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுத ஒன்றும் தோன்றவில்லை. இப்போது எழுத வேண்டியதாகிவிட்டது.

தொணதொணப்பின் வகுப்பில் அம்மை. பக்கத்தில் உட்காருகிற பெண்ணுக்குப் போன வாரம் போட்டிருக்கிறது. இவளுக்கு இதுவரை வந்ததில்லை. வேறு டாக்டரிடம் கூட்டிப் போனேன், வயதான அம்மா. தடுப்பூசிக்கு நாள் தாண்டிவிட்டது என்றார். "இந்த வயசுல வந்தா கொஞ்சம் வேகமாத்தான் இருக்கும். கொப்புளம் தெரிஞ்ச அன்னிக்கே மாத்திரை ஆரம்பிச்சுடுங்க" என்று பெயர் எழுதிக் கொடுத்தார். அசைக்ளோவிர்.

வீட்டுக்கு வந்து அவருடைய மாத்திரைப் பெட்டியை எடுத்தேன். பெரிய எழுத்தில் கம்பெனி வைத்த பெயர். அதன் கீழே பொடி எழுத்தில் வாலசைக்ளோவிர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதானே. பின்பாதி ஒன்றாகவே இருக்கிறது. உன் அட்டையில் இருக்கிற பெயர் மட்டும் இரண்டோடும் ஒட்டவில்லை.

போன கடிதத்தில் எவ்வளவோ எழுதினாய். நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. கேட்டதை விட்டுவிட்டுக் கேட்காததைச் சொல்கிறவள் இல்லையே நீ. எனக்குப் புரியும்படி எழுது. அவர் விஷயம் முடிந்துவிட்டது. இவளுக்குக் கொப்புளம் வந்தால் நான் அந்த மாத்திரையைக் கொடுக்கலாமா, கூடாதா? தெரியாமல் கொடுக்க மாட்டேன். கொடுக்காமல் விட்டு அவளுக்கு ஏதாவது ஆனாலும் நான்தான்.

அட்டையை அனுப்பவில்லை.

அண்ணி


ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணிக்கு,

போன கடிதத்தில் உங்கள் கேள்வியைத் தெரிந்தேதான் விட்டேன். முதலில் குழந்தை விஷயம், பிறகு என் விஷயம்.

அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளாதது மகளுக்கும் ஒத்துக்கொள்ளாது என்று கிடையாது. மூக்கு, முழி மாதிரி வருவது இல்லை இது. மாத்திரை கொடுக்கலாம். ஆனால் அண்ணனுக்கு நடந்ததை முழுதாக அந்த டாக்டரம்மாவிடம் சொல்லுங்கள். முதல் மாத்திரையை அவருடைய கிளினிக்கிலேயே போட்டு, ஒரு மணி நேரம் அங்கேயே உட்காரலாமா என்று கேளுங்கள். அவள் உதட்டை, கண்ணிமையை, கழுத்தைப் பாருங்கள். தடிப்போ அரிப்போ வந்தால் டாக்டரைக் கேட்காமல் அடுத்ததைத் தொடாதீர்கள். குரல் கம்மினால், மூச்சு இழுத்தால், மயக்கம் என்றால் யாரையும் கேட்க வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி. அங்கே போடுகிற ஊசிதான் காப்பாற்றும், மற்றதெல்லாம் பிறகு. வீட்டுக்கு வந்த பிறகும் கண்ணை எடுக்காதீர்கள். சிலருக்கு நாள் கழித்தும் வரும்.

இனி என் விஷயம்.

ஒரு மருந்துக்கு இரண்டு பெயர் அண்ணி. பொடி எழுத்தில் இருப்பது அதன் சொந்தப் பெயர். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்தது. கடையில் நாங்கள் கம்பெனிப் பெயரைத்தான் சொல்வோம், அலமாரியில் அந்த வரிசையில்தான் அடுக்குவோம். பகல் முழுக்க அதையே கத்துகிறவளுக்கு அட்டை எழுதும்போதும் அதுதான் கைக்கு வந்தது. அண்ணனுக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து அசைக்ளோவிர். கிளினிக்கில் கொடுத்த வாலசைக்ளோவிர் உடம்புக்குள் போனதும் அசைக்ளோவிராகத்தான் மாறும். வேறு மருந்து இல்லை. சட்டை மாற்றிக்கொண்டு வந்த அதே ஆள்.

இத்தோடு முடிந்தால் தெரியாமல் செய்த பிழை என்று சொல்லிக்கொள்ளலாம். முடியவில்லை. ஆறு வருடத்துக்கு முன் அந்தக் கம்பெனி அந்த மாத்திரையை நிறுத்திவிட்டது. எங்கள் கடையில் கடைசிப் பெட்டியை விற்றவளே நான்தான். காலியான இடத்தைத் துடைக்கும்போது நினைத்தேன், இனி இந்தப் பெயர் யாருக்கும் தெரியாது, அண்ணன் அட்டையை மாற்ற வேண்டும் என்று. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அதற்கப்புறம் நான்கு தடவை உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். நான்கு தடவையும் அவர் அட்டையை எடுத்து என் மூக்குக்கு நேராக ஆட்டி, "டாக்டரம்மா சீட்டு" என்று கேலி செய்தார். நானும் சிரித்தேன்.

அந்த டாக்டர் தேடிப் பார்த்திருக்கலாம்தான். ஆனால் அவர் கையில் செத்துப்போன ஒரு பெயரைக் கொடுத்தவள் நான். அதற்கு மேல் அண்ணன் சொல்லாமல் இருந்திருப்பார் என்று எழுதி, பழியை அவர் தலையிலும் போட்டேன்.

கடைக்குப் போகிறேன். ஒவ்வொரு உறையிலும் மருந்தின் சொந்தப் பெயரை எழுதித்தான் கொடுக்கிறேன். "பரீட்சை எழுதுறியா, வரிசை நிக்குது பாரு" என்கிறார் முதலாளி. கை எழுதுகிறது. நான் எங்கேயோ நிற்கிறேன்.

என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன் அண்ணி. ஒன்றும் சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

வாண்டு


ஏப்ரல் 20

வாண்டு,

பன்னிரண்டாம் தேதி காலையில் தொணதொணப்பின் காதுக்குப் பின்னால் இரண்டு கொப்புளம். நீ எழுதியபடியே செய்தேன். உன் கடிதத்தையே டாக்டரம்மாவிடம் நீட்டினேன். முதல் பக்கத்தைப் படித்தார், அடுத்த பக்கத்தைப் படிக்காமல் மடித்துக் கொடுத்துவிட்டார். மற்ற குழந்தைகளுக்கு ஒட்டாதபடி பின்பக்கத்து அறையில் உட்காரவைத்து அவரே மாத்திரையைக் கொடுத்தார். சுவரில் கடிகாரம் இருந்தது. நான் கடிகாரத்தைப் பார்ப்பதும் அவள் உதட்டைப் பார்ப்பதுமாக ஒரு மணி நேரம். ஒன்றும் ஆகவில்லை. ஐந்து நாளும் ஒன்றும் ஆகவில்லை. கொப்புளமெல்லாம் காய்ந்துவிட்டது.

நாற்பதாவது நிமிடத்தில், "ஏம்மா என் வாயையே பாக்குற?" என்றாள். இரண்டு மாதத்துக்கு மேலாகிறது அவள் ஒரு கேள்வி கேட்டு. பதில் சொன்னேன். அட்டை, மாத்திரை, பெயர், எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றைத் தவிர.

அந்த ஒன்றை உனக்கு எழுதுகிறேன்.

அவர் சொன்னார், வாண்டு. சொல்லாமல் இருக்கவில்லை. காலையில் மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்தில், "உதடு ஒரு மாதிரி ஊறுது" என்றார். கையில் நாலைந்து தடிப்பு. நான் பதறவில்லை. என் தொழில் பழக்கம், மூலத்தைக் கொண்டுவா என்கிற பழக்கம். அவர் பர்ஸிலிருந்து அட்டையை எடுத்தேன், மாத்திரைப் பெட்டியை எடுத்தேன், பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அட்டையில் ஒரு பெயர், பெட்டியில் இன்னொன்று. ஓர் எழுத்துகூட ஒத்துப்போகவில்லை. "இது அது இல்லீங்க. அக்கியோட அரிப்பாத்தான் இருக்கும்" என்றேன். ஊறின உதட்டைப் பார்க்காமல் எழுத்தைப் பார்த்தேன்.

மதியம் இரண்டாவது மாத்திரையை நான்தான் கையில் கொடுத்தேன். கொஞ்சம் தயங்கினார். "உங்க தங்கச்சி எழுதினதுல இது இல்ல" என்றேன். அவர் சிரித்தார். "வாண்டு எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி வாயில் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் அவர் பேசியது எதுவும் வார்த்தையாக வரவில்லை.

இது உனக்குத் தெரிய வேண்டியதில்லை. இவ்வளவு நாள் மறைத்து வைத்தது உன்னைக் காப்பாற்ற என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. அது வேறு மருந்துதான் என்று நீ எழுதிவிட்டால் நான் பார்த்தது சரியாகிவிடும். அதற்காகத்தான் முதல் கடிதமே. நீ முதல் தடவை மழுப்பியதற்கு நான் ஏன் மூன்று வாரம் பேசாமல் இருந்தேன் என்று இப்போது உனக்குப் புரியும்.

உன்மேல் கோபம் வருகிறதா என்று தேடிப் பார்த்தேன். என்மேல் வருகிறதா என்றும் பார்த்தேன். இரண்டும் வரவில்லை. வரும்போது எந்தப் பக்கம் வரும் என்று தெரியவில்லை. அதனால் உன்னை மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் எழுத மாட்டேன். அது என்னால் கொடுக்க முடிகிற பொருளாக இப்போது இல்லை.

அட்டையைத் தர மாட்டேன். அது உன்னுடையது மட்டும் இல்லை.

ஒன்று செய். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் பண்ணு. நான் எடுக்க மாட்டேன், தொணதொணப்பு எடுப்பாள். மருந்துக்கு ஏன் இரண்டு பெயர் என்று என்னைத் துளைத்துக்கொண்டிருக்கிறாள், அத்தையைக் கேள் என்று சொல்லியிருக்கிறேன். நான் சமையலறையில் இருப்பேன், கதவைத் திறந்து வைத்திருப்பேன். பேசுவதற்கு முன்னால் எப்போதும் போலச் செருமிக்கொள். அவளுக்கு அது வேண்டியிருக்கிறது.

அண்ணி