இருவாட்சி இருக்கும் தீவு

ஜனவரி 11, 1926. திங்கள்.
காலையில் பனி. அலோன் படகுத்துறைப் பக்கம் கப்பல் சங்கு கேட்டது, ஆறு தெரியவில்லை. கணக்கு முடிந்தது. தையல் பாக்கி.

ருக்மணி பள்ளிக்குத் திரும்பிவிட்டாள். அவள் மாமா அரசாங்கக் கப்பலில் இயந்திரம் பார்க்கும் பிட்டர். விடுமுறையில் இவளும் அதில் போனாளாம். போர்ட் பிளேர் போகும் வழியில் இயந்திரம் கெட்டு, ஒரு தீவோரம் இரண்டு நாள் நின்றார்களாம். மாமா படகில் கரைக்கே கூட்டிப் போனாராம். உச்சி வரை பச்சைக் காடு. கறுத்த உடம்பும் வெள்ளை வாலுமாய் இருவாட்சிப் பறவைகள். ஒரு வால் இறகு கொண்டுவந்திருக்கிறாள்.

"நெருப்புத் தீவுன்னு மாமா சொன்னாருடி. நெருப்பையே காணோம்."

கப்பல்காரர்களுக்கு அந்தக் கடலில் எந்த எரிமலையும், அணைந்துபோனதும்கூட, நெருப்புத் தீவுதான். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அது நார்கொண்டம். அந்த இருவாட்சி உலகத்தில் வேறெங்கும் இல்லை. பள்ளி நூலகத்துத் தீவுகள் புத்தகத்தில் நான் நான்கு முறை படித்த பக்கம். அவள் அந்தப் புத்தகத்தைத் தொட்டதுகூட இல்லை. அவளுக்கு ஏன் வாய்த்தது?

தீவின் பெயரை அவளிடம் சொல்லவில்லை.

ஜன. 12. செவ்வாய்.
வெயில். வெள்ளிக்கிழமை பள்ளி இன்ஸ்பெக்டர் அம்மா வருகிறார். தீவைப் பற்றி ருக்மணி பேசட்டும் என்றார் எங்களுக்குப் பாடம் எடுக்கும் வகுப்புச் சயாமா.

நான் எழுந்தேன். நெருப்புத் தீவு என்றால் பாரன் தீவு. அங்கே சாம்பல், கறுப்புக் கல், கரையில் வெந்நீர், யாரோ விட்டுப்போன ஆடுகள். இருவாட்சி கிடையாது. பக்க எண்ணும் சொன்னேன். அத்தனையும் உண்மை.

பின் பெஞ்சிலிருந்து, "பஜார்ல கோழி இறகு என்னடி விலை?" எல்லாரும் சிரிப்பு. ருக்மணி இறகைப் பாவாடைக்குள் மறைத்தாள்.

வெள்ளிக்கிழமை அவளுக்குப் பதில் நான் பேச வேண்டுமாம்.

புதன்.
பேச்சு, மூன்று பக்கம். கையெழுத்து நன்றாக வந்தது. அம்மா மீன் குழம்பு ஊற்றிய மொஹிங்கா வாங்கித் தந்தாள். பாதியில் வைத்துவிட்டேன்.

வியாழன்.
மாலையில் ருக்மணி வீட்டுக்கு வந்தாள். கோபமே இல்லை. இருந்திருந்தால் நன்றாயிருக்கும்.

"இதைக் கையில வச்சுக்கிட்டுப் பேசு. அழகாத்தானே இருக்கு." இறகை மேசையில் வைத்தாள். பிறகு, "உனக்குத் தெரியாத தீவா? நான் போனது எதுடி?"

தெரியாது என்றேன்.

"உனக்கே தெரியலைன்னா நான் கனவுதான் கண்டிருக்கணும்."

வெள்ளி.
மணி அடிக்கும் முன் சயாமா அறைக்குப் போனேன். தீவின் பெயரைச் சொன்னேன். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார். திங்கள் என்றேன். திட்டவில்லை. கடைசி பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

ருக்மணி பேசினாள். திக்கித் திக்கி. நார்கொண்டம் என்பதை இரண்டு தடவையும் தப்பாகச் சொன்னாள். ஆளைக் கண்டால் பறவைகள் பறந்துவிடுமா என்று கேட்டார் இன்ஸ்பெக்டர் அம்மா. இல்லையாம். ஒன்று கிளை கிளையாய்க் கீழே இறங்கி வந்து, தலையைச் சாய்த்து, வெகுநேரம் இவளையே பார்த்ததாம்.

புத்தகத்தில் அது இல்லை.

இவளையாம்.