மூன்று நாள் குறைகிறதாம்

பிப்ரவரி 10, செவ்வாய்

பனி. கம்பெனி பஸ் இருபது நிமிடம் தாமதம். ஸ்வெட்டரை மறந்துவிட்டேன்.

இன்று: ஷிப்ட் பட்டியல். புது ஆட்கள் நால்வருக்குக் கைரேகை. கேஸ் புக்கிங் (விட்டுப்போயிற்று).

பதினொரு மணிக்கு அசெம்பிளி லைன் லட்சுமம்மா, வருகைக் கணக்குப் பார்க்கும் எங்கள் டைம் ஆபீஸுக்கு வந்தார். உத்தனப்பள்ளிக்காரர். அக்டோபர் கடைசியில் சேர்ந்தவர், இப்போது எட்டாம் மாதம். காலெல்லாம் வீக்கம். நாளையிலிருந்து படுக்கையில்தான் என்று டாக்டர் சீட்டு.

"மேடம், பிரசவ லீவு போடலாம்னு செல்லுல பாத்தா அந்த பட்டன் அமுங்கவே மாட்டேங்குது."

பார்த்தேன். எண்பது நாள் வேலை செய்திருந்தால் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு. அது சட்டம். சாப்ட்வேர் காட்டுவது எழுபத்தேழு. எரிச்சல்.

பிப்ரவரி 11, புதன்

காரணம் தெரிந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

ஆலை ஓசூரில். தலைமை அலுவலகம் பெங்களூரில். சாப்ட்வேரில் இருப்பது கர்நாடக விடுமுறைப் பட்டியல். நவம்பர் 1 அங்கே ராஜ்யோத்சவ விடுமுறை, இங்கே வேலை நாள். அன்று அவர் விரல் வைத்த பஞ்ச் கணக்கில் ஏறவில்லை. பொங்கலுக்கு அடுத்த இரண்டு நாள் இங்கே சம்பள விடுமுறை, அதுவும் கணக்கில் சேர வேண்டும். அங்கே லீவு இல்லை, ஆகவே ஆப்சென்ட்.

அந்தப் பட்டியலைத் தேர்ந்தெடுத்தது நான். சூப்பர்வைசர்களில் பாதிப்பேர் எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளியிலிருந்து வருகிறவர்கள். "பசவ ஜெயந்திக்கு லீவு வேணும், அந்த லிஸ்டையே போட்டுடுங்க மேடம், பொங்கல கையால பாத்துக்கலாம்." போட்டேன். சம்பளத்தைக் கையால் சரிசெய்தோம். நாள் கணக்கை யாரும் பார்க்கவில்லை. நானும்தான்.

பிப்ரவரி 12, வியாழன்

பால் பொங்கி அடுப்பு நாசம்.

பெங்களூருக்கு நான்கு போன். "சிஸ்டம் ஒப்பல்லா மேடம்." சிஸ்டம் ஒத்துக்கொள்ளாதாம். முடிந்த மாதங்கள் பூட்டியாயிற்றாம், திறக்க முடியாதாம். பூட்டியது மனிதர்கள்தானே?

மேனேஜர்: "சிஸ்டத்துல இல்லாததுக்கு நான் எப்படிம்மா கையெழுத்து போடறது?"

லட்சுமம்மா விடுப்பு போடாததால் தினமும் ஆப்சென்ட் விழுகிறது. பத்து நாள் தொடர்ந்தால் பெயர் தானாகவே நீங்கிவிடும். அதற்கு மட்டும் எவர் அனுமதியும் வேண்டாம்.

பிப்ரவரி 13, வெள்ளி

சாப்பாட்டு நேரத்தில் சட்டத்தையே படித்தேன். பட்டன் என்று எங்கும் இல்லை. எழுத்தில் அறிவிப்பு கொடுத்தால் போதும்.

சாயங்காலம் உத்தனப்பள்ளி பஸ். லட்சுமம்மா ஒருக்களித்துப் படுத்திருந்தார். கணவரிடம் தெலுங்கில் தண்ணீர் கேட்டார், என்னிடம் தமிழில்.

"நின்னுகினே வேலை செஞ்சேனே மேடம். அந்த மூணு நாளு எங்க போச்சு?"

பட்டியலைப் போட்டது நான்தான் என்று சொன்னேன். தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"பேப்பர் எடுங்க" என்றார்.

அறிவிப்பை நான் எழுதினேன், அவர் கையெழுத்திட்டார். இரண்டு பிரதி.

பிப்ரவரி 14, சனி

வெயில் உறைக்கிறது. காலையில் முதல் வேலை: இரண்டு பிரதியிலும் 'பெறப்பட்டது' சீல், தேதி, என் கையெழுத்து. ஒன்று ஆலைக்கு வந்திருந்த லட்சுமம்மாவின் கணவரிடம். ஒன்று மேனேஜர் மேஜையில்.

"யார கேட்டும்மா சீல் வெச்சீங்க?"

"யாரையும் கேக்கல சார்."

"இனி லேபர் ஆபீஸ்ல கேட்டா நாமதான் பதில் சொல்லணும்." தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு பெங்களூருக்குப் போன். கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம். வெளியே வந்து, லட்சுமம்மா லீவைப் பேப்பரிலேயே எடுத்துக்கொள்கிறோம் என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மாலை ஐந்தரைக்குக் கிளம்பும்போது கைரேகை மெஷினில் விரல் வைத்தேன். காலையில் ஏறிய அதே விரல். இப்படி ஒரு ஊழியர் இல்லை என்றது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன்.