பூசாமல் விட்ட இடம்

பெரிய பெயிண்டர் அம்மாவுக்கு, சின்ன பெயிண்டர் எழுதிக்கொள்வது.

நீ நம் மகள் வீட்டுக்குப் போனதிலிருந்து என் சமையலை நானே தின்று, இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன்.

"கண்காட்சியில என் படத்தை ஒருத்தரும் நின்னு பாக்கல. நான் வர்றதுக்குள்ள பின் ரூம் சுவர்ல வரைஞ்சதுக்கும் வெள்ளையடிச்சிடுங்க"ன்னு சொல்லிவிட்டுப் போனாயே. வாளியும் பிரஷ்ஷுமாகப் போனேன். நீ வரைந்த அந்த மழைத் தெருவில் விளக்கு வெளிச்சம் ஈரத் தரையில் ஓடுகிறதே, அதற்கு என்ன சாயம் போட்டாய் என்று கிட்டப் போய்த் தடவிப் பார்த்தேன்.

அடிப்பாவி! சாயமே இல்லை. கல்யாணமான புதுசில் நான் அடித்த வெள்ளையை அப்படியே விட்டு, சுற்றி இருட்டை மட்டும் வரைந்திருக்கிறாய்.

ஊர்ச் சுவரெல்லாம் இண்டு இடுக்கு விடாமல் பூசியவன் நான். என் வெள்ளை இப்படி விளக்காய் எரியும் என்று எனக்கே தெரியாது. யாரும் நின்று பார்க்கவில்லை என்றாயே, நான் தரையில் உட்கார்ந்தே பார்த்தேன், பொழுது சாயும் வரைக்கும்.

அதை அழிக்க என் கை வராது. வேறு ஆளைப் பார்த்துக்கொள். பெயிண்டரைச் சொல்கிறேன், புருஷனை இல்லை.

சீக்கிரம் வந்து மிச்சச் சுவரையும் வரை.

இப்படிக்கு,
உன் வெள்ளைக்காரன்