ஏழு நாற்பது பேருந்தில் மூன்று எதிரிகள்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் என் தட்டிலிருந்து அக்கா முதலில் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள். பிறகுதான் நான் கை வைத்தேன். நான்கு மாதமாக இதுதான் நடைமுறை. "இன்னும் உயிரோடதான் இருக்கேன், ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடு" என்றாள். கூடப்பிறந்தவளைச் சந்தேகப்படவில்லை என்று இங்கே எழுதி வைக்கிறேன். அவள் அரிசி வாங்கும் கடைக்காரர்மேல்தான் சந்தேகம். (அவள்மேலும் கொஞ்சம். பத்து சதவீதம்.)

மருத்துவமனையில் இரண்டு பேர் என்னைப் பார்க்கிறார்கள். மாத்திரை எழுதுகிறவர் மூன்று நிமிடத்தில் முடித்துவிடுவார். வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் பேசுகிற உளவியலாளர் இன்னொருவர். அவருக்குக் கேள்வியம்மா என்று பெயர் வைத்திருக்கிறேன். பதில் என்று ஒன்று அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. இந்த நோட்டில் எழுதச் சொன்னதும் அவர்தான். யார் படிப்பார்கள் என்று கேட்டேன். "உங்களைத் தவிர வேற யாரு படிக்கப் போறாங்க?" என்றார். நம்பவில்லை. எனவே, திருட்டுத்தனமாகப் படிப்பவர்களுக்கு வணக்கம். என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். அவஸ்தைப்படுங்கள்.

மார்ச் 5, புதன்

வழக்கை முறைப்படி பதிவு செய்கிறேன்.

பேருந்துக் கழகத்தில் கால அட்டவணைப் பிரிவில் எனக்குப் பதினைந்து வருட வேலை. எந்தப் பேருந்து எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று நான் சொன்னால்தான் வரும். போன ஆகஸ்டில் கண்டுபிடித்தேன், நான் அலுவலகம் போகும் ஏழு நாற்பது பேருந்தில் மூன்று பேர் என்னைத் தொடர்கிறார்கள். ஒருவர் குடைக்காரர், வெயிலானாலும் குடையோடு வருவார். இன்னொருத்தி பச்சைப் பை வைத்திருக்கும் பெண்மணி. மூன்றாவது, கண்டக்டர். எனக்கு ஏதோ கெடுதல் செய்யப்போகிறார்கள். என்ன கெடுதல் என்று தெரியாததுதான் பெரிய கொடுமை.

செப்டம்பரில் ஒரு பொறி வைத்தேன். என் அதிகாரத்தைப் பயன்படுத்தி ஏழு நாற்பதை ஏழு நாற்பத்து நான்காக மாற்றினேன். மறுவாரம் பார்த்தால், மூன்று பேரும் சரியாக ஏழு நாற்பத்து நான்குக்கு நிற்கிறார்கள்! எனக்கு மட்டும் தெரிந்த மாற்றம் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? நவம்பரில் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். மேலாளர் நேரத்தைப் பழையபடி மாற்றிவிட்டாராம்.

மார்ச் 11, செவ்வாய்

அந்த மூவர் கெடுதல் செய்வார்கள் என்பதை எத்தனை சதவீதம் நம்புகிறீர்கள் என்று கேள்வியம்மா கேட்டார். தொண்ணூற்றைந்து என்றேன். ஏன் நூறு இல்லை? அட்டவணைப் பிரிவில் எதற்கும் நூறு போடமாட்டோம் அம்மா, டயர் பஞ்சராகலாம் என்றேன். சிரித்தார். நானும் சிரித்தேன். பல மாதம் கழித்துச் சிரித்ததில் கன்னம் வலித்தது.

வீட்டுக்கு வந்தால் அக்கா போனில் மகளோடு பேசிக்கொண்டிருந்தாள். ஆறு மணி நேரப் பயண தூரத்தில் இருக்கிற மகளுக்கு ஏப்ரல் கடைசியில் பிரசவம். தலைப்பிரசவம். "இல்லம்மா, மாமாவைத் தனியா விட்டுட்டு எப்படி வருவேன்... நர்ஸ் யாராவது வெச்சுக்கலாம்" என்றாள். என்னைப் பார்த்ததும் பேச்சை மாற்றிவிட்டாள்.

மகள் பிரசவத்துக்குத் தாய் போகமுடியவில்லை. காரணம் நான். அத்தானும் உயிரோடு இல்லை, அந்தப் பெண்ணுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? ஏப்ரல் ஆறாம் தேதிக்கு அக்காவுக்கு டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டேன், அதற்குள் நான் தனியாக இருக்கப் பழகவேண்டும். இருபத்தாறு நாள்.

மார்ச் 12, புதன்

கேள்வியம்மாவின் புது உத்தரவு: நாள் முழுதும் கவலைப்படக்கூடாது. மாலை ஐந்திலிருந்து ஐந்தரை வரை மட்டும் கவலைப்படலாம். மற்ற நேரத்தில் வரும் கவலையை ஒரு சீட்டில் குறித்துவிட்டு, 'ஐந்து மணிக்கு வா' என்று திருப்பி அனுப்பவேண்டும்.

அட்டவணைக்காரனிடம் அட்டவணையா! ஐந்து மணிக்குச் சரியாக உட்கார்ந்தேன். ஐந்து பதினெட்டுக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது. மீதி பன்னிரண்டு நிமிடம் என்ன செய்வதென்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

அவமானம். எழுதத்தான் வேண்டுமா? சரி, எழுதுகிறேன்.

பொறி வைத்த கதையைக் கேள்வியம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். குறிப்பெடுத்துக்கொண்டே, "நேரம் மாறினா பயணிகளுக்கு எப்படித் தெரிவிப்பீங்க?" என்றார். எல்லா நிறுத்தத்திலும் அறிவிப்பு ஒட்டுவோம் என்றேன். "அந்த ஏழு நாற்பத்து நாலுக்கும் ஒட்டினீங்களா?" ஒட்டினோம். "அதுல கையெழுத்து யாரோடது?"

என்னோடது.

நாற்பத்திரண்டு நிறுத்தத்தில் நானே கையெழுத்துப் போட்டு ஒட்டிவிட்டு, ரகசியம் வெளியானது எப்படி என்று இரண்டு மாதம் துப்பறிந்திருக்கிறேன். மூளையா இது? கேள்வியம்மா சிரிக்கவில்லை. "பயம் வந்தா எல்லாருக்கும் கண்ணு ஒரு பக்கம்தான் பார்க்கும்" என்றார். உத்தரவுகளைக் கழித்துவிட்டால், கேள்வி இல்லாமல் அவர் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

எழுபது சதவீதம்.

மார்ச் 21, வெள்ளி

வீட்டுப்பாடம்: எனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பேருந்தில் மூன்று நாள் போய்வர வேண்டும். ஒன்பது பத்து வண்டியில் போனேன். முதல் நாள் பார்த்த பதினோரு முகங்களில் ஒன்பது முகம் மறுநாளும் இருந்தது. மூன்றாம் நாளும் அதே கூட்டம். இந்த ஒன்பது பேரும் யாரைப் பின்தொடர்கிறார்கள்? பாவம், வேலைக்குப் போகிறவர்கள். மூன்றாம் நாள் ஒரு பெண் என்னைப் பார்த்துவிட்டுக் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் கணக்கில் நான்தான் புது ஆள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மூலையில் உட்கார்ந்து, எல்லோரையும் எண்ணிக்கொண்டிருந்தவன் நான்தானே!

மார்ச் 25, செவ்வாய்

நாளை மறுநாள் ஏழு நாற்பதில் போகப்போகிறோம். கேள்வியம்மாவும் வருகிறார். விதிமுறைகள்: கறுப்புக் கண்ணாடி கூடாது. இரண்டு நிறுத்தம் முன்பாக இறங்கி நடக்கக்கூடாது. நடு இருக்கையில் உட்கார்ந்து, மூவரின் முகத்தையும் நேராகப் பார்க்கவேண்டும். என்ன நடக்கும் என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட்டேன்: மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். குடையால் சைகை. நான் இறங்கினால் இறங்குவார்கள்.

அக்கா மட்டும் ஏனோ முகம் வெளுத்து, "ஏழு நாற்பதுதானா? வேற வண்டி கிடையாதா?" என்று இரண்டு முறை கேட்டாள்.

மார்ச் 27, வியாழன்

குடைக்காரர் வாயைத் திறந்து தூங்கினார். வழி நெடுகத் தூக்கம்! பச்சைப் பைக்காரி பையைத் திறந்தாள், நான் முன்னிருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன், உள்ளே பரீட்சைத் தாள்கள். சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு சுழித்துத் தள்ளினாள். தலை நிமிரவே இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. கண்டக்டரிடம் போய், நல்லா இருக்கீங்களா, என்னை ஞாபகமிருக்கா என்றேன்.

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க! அக்டோபர்லேர்ந்து உங்களைக் கவனிச்சுக்கிட்டுதானே இருந்தேன். எப்ப ஏறுறீங்க, எங்க இறங்குறீங்கன்னு உங்க அக்காவுக்கு மெசேஜ் போடுவேன். அக்காதான் சொல்லி வெச்சாங்க."

இறங்கிவிட்டேன். எந்த நிறுத்தம் என்றுகூடத் தெரியாது. கேள்வியம்மா கூப்பிட்டது காதில் விழுந்தது. வீடு வரை நடந்தேன். அக்கா கதவைத் திறந்தாள். கத்தினேன். நீயுமாடி? நீயுமா? தெருவுக்கே கேட்டிருக்கும். என்னைப் பைத்தியம்னு சொன்னீங்களேடா எல்லாரும்! வேவு பார்க்கிறாங்கன்னு சொன்னேனே — பார்த்திருக்கீங்களே — வீட்டுக்குள்ளேயே வெச்சுக்கிட்டு —

நூறு சதவீதம். டயரும் பஞ்சராகாது.

மார்ச் 28, வெள்ளி

சாப்பிடவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

அக்கா தன் போனை என் அறை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். "எல்லாம் அதுல இருக்கு. படிச்சுக்கோ. நான் ஊருக்குப் போகலை, டிக்கெட்டை ரத்து பண்ணச் சொல்லிட்டேன்" என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. அழுதிருக்கிறாள், மூக்கு அடைத்திருந்தது.

எதிரியின் ரகசியக் கோப்பு முழுதாகக் கையில் கிடைத்திருக்கிறது. கதவைத் தாழிட்டுக்கொண்டு படித்தேன். கண்டக்டர் அனுப்பியவை அப்படியே:

'சார் ஏறிட்டாரு.'
'சார் இறங்கிட்டாரு. ரெண்டு ஸ்டாப் முன்னாடியே.'
'இன்னிக்கு முகம் சரியில்லக்கா.'
'சாப்பாட்டு டப்பாவை விட்டுட்டுப் போயிட்டாரு. டிப்போல கழுவி வெச்சிருக்கேன்.'
'மழைல நனைஞ்சுட்டாரு. வந்ததும் தலை துவட்டச் சொல்லுங்க.'

இருபத்தெட்டு இருந்தன. கெடுதல் எதில் என்று தேடினேன். இரண்டாவது முறையும் தேடினேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

மாட்டேன் என்றுதான் இருந்தேன். போனேன்.

நான் சொன்னேனா இல்லையா என்று ஆரம்பித்தேன். கேள்வியம்மா, "சொன்னீங்க. ஒருத்தர் பார்த்துக்கிட்டுதான் இருந்திருக்கார். அதுல நீங்க சொன்னது சரி" என்றார். சண்டைக்கு வரிந்து கட்டிக்கொண்டு போனவனுக்கு எதிராளி இல்லை. என்ன செய்வது? நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"நீங்க சந்தேகப்பட ஆரம்பிச்சது எப்போ?" ஆகஸ்ட். "அக்கா அவர்கிட்ட சொன்னது?" அக்டோபர். நான் இரண்டு நிறுத்தம் முன்பாக இறங்கிச் சந்து சந்தாகச் சுற்றி, வீட்டுக்குப் போனும் பேசாமல் இருந்த மாதம். என் பயத்தைப் பார்த்து அவளுக்குப் பயம். அவள் வைத்த ஆளைப் பார்த்து எனக்கு மேலும் பயம். நன்றாகச் சுற்றியிருக்கிறது சக்கரம்.

பிறகு, "பார்க்கிறாங்கங்கிறது ஒண்ணு. கெடுதல் பண்ணப் பார்க்கிறாங்கங்கிறது இன்னொண்ணு. ரெண்டுக்கும் தனித்தனியா சதவீதம் போடலாமா?" என்றார்.

பார்த்தார்கள்: நூறு. கெடுதல்: அந்தச் செய்திகளை அவருக்கு வாசித்துக் காட்டப் போனேன். தலை துவட்டச் சொன்ன இடத்தில் நிறுத்தி மூக்கைச் சிந்தினேன். கேள்வியம்மா தண்ணீர் எடுத்து வைத்தார். எண்ணைச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

அக்காவிடம் சொன்னேன்: சொல்லாமல் செய்தது தப்பு.

"தப்புதான்டா. கேட்டா நீ இன்னும் பயந்துடுவியோன்னு இருந்தேன்."

இனிமேல் என்னைப் பற்றி என்ன தெரியவேண்டுமானாலும் என்னிடம் கேள். நான் பொய் சொன்னால் அப்போது கண்டக்டரிடம் போ.

"சரி. நல்லா சாப்பிடுவியா?"

பதிலுக்கு அவள் கையிலிருந்த தட்டை வாங்கி, அவள் ஒரு வாய் எடுப்பதற்கு முன் நானே சாப்பிட ஆரம்பித்தேன். உப்பு தூக்கலாக இருந்தது. நான்கு மாதமாக இந்தச் சமையலையா விஷம் இருக்குமோ என்று பயந்து சாப்பிட்டேன், இதற்கு விஷமே தேவையில்லையே என்றேன். கரண்டியால் ஒரு அடி விழுந்தது. ரத்தான டிக்கெட்டைத் திரும்ப எடுத்தோம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அக்காவை வண்டி ஏற்றிவிட்டு வந்தேன். ஜன்னல் வழியாகச் சொன்ன புத்திமதிகளை எழுத இன்னொரு நோட்டு வாங்கவேண்டும். வீட்டில் குளிர்சாதனப்பெட்டி சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கிறது. பயமாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 7, திங்கள்

வேலையில் சேர்ந்தேன். மேலாளர் முதல் வேலையாக, "ஏழு நாற்பதைத் தொடாதீங்க" என்றார்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மோசமான நாள். மருத்துவமனை நாள் என்பதால் வேலைக்கு விடுப்பு. எதிர்வீட்டு மாடியில் ஒருவர் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். திரைச்சீலையை இழுத்துவிட்டேன். ஐம்பது, ஐம்பத்தைந்து சதவீதம் ஏறிவிட்டது. சீட்டில் குறித்தேன். ஐந்து மணிக்கு எடுத்துப் பார்த்து, திரையை விலக்கினேன். இன்னும் நின்றுகொண்டிருந்தார். புறாக்களுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். முழுக்க இறங்கவில்லை. முப்பதில் நிற்கிறது. மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டேன், அக்காவிடமும் சொன்னேன்.

ஏப்ரல் 24, வியாழன்

பெண் குழந்தை! தாயும் சேயும் நலம். அக்கா போனில் அழுதாள், பக்கத்தில் அதைவிடப் பெரிதாக இன்னொரு அழுகைச் சத்தம். "பிறந்தப்போ நான் கையில வாங்கினேன்டா" என்றாள்.

ஏப்ரல் 26, சனி

அக்கா மகள் வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

ஆறு மணி நேரப் பயணம். மருத்துவமனைக்குத் தவிர நான்கு மாதம் தெருமுனையைத் தாண்டாதவன் நான். ஐம்பது பேர் நெருக்கியடித்த வண்டியில், ஒரு முகமும் தெரியாமல் ஏறினேன். என்னவெல்லாம் நடக்கும் என்று வழக்கம்போல ஒரு தாளில் எழுதி வைத்தேன். நடந்தது அந்தப் பட்டியலில் இல்லை.

தூங்கிவிட்டேன். பக்கத்து இருக்கையில் ஒரு தடித்த ஆள், எண்ணெய்ப் பீப்பாய் ஏற்றி இறக்குகிறவராம். கண் விழித்தபோது என் தலை அவர் தோளில் இருந்தது. அவர் சட்டையில் என் எச்சில், உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். எத்தனை நேரமோ தெரியாது. பதறிப்போய் மன்னிப்புக் கேட்டேன்.

"பரவால்ல, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. தூங்குங்க, எழுப்பி விடறேன்" என்றார்.

மறுபடியும் தூங்கினேன்.