ஒரே சேலையில் பதினோரு கோடுகள்

காஞ்சிபுரம்,
பங்குனி 12.

அன்பு நண்பர் ஆதிகேசவனுக்கு,

வேலாயுதம் வணக்கத்துடன் எழுதுவது. நானும் கமலாட்சியும் சௌக்கியம். போன வருடம் இதையே பொய்யாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த முறை நிஜம்.

நேற்று புனேவிலிருந்து உங்கள் மகள் சுகாசினி கமலாட்சியிடம் பேசினாள். உங்கள் ரத்தத்தில், புரோஸ்டேட்டுக்காகப் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவு கூடியிருக்கிறதாம். டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்கேனை நீங்கள் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறீர்களாம். அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவீர்கள்.

எனக்குப் புத்தி சொன்னவரே நீங்கள்தானே. போன வருடம், நீங்கள் புனே போவதற்கு முன், நெசவாளர் சங்கத்தில் சேலை சரிபார்த்த காலம். என் சேலையை வெளிச்சத்தில் பிடித்து, குறுக்கே பதினோரு இடத்தில் கோடு விழுந்திருப்பதை எண்ணிக் காட்டினீர்கள். நடுவில் நிறுத்தி எழுந்து போனால் அந்த இடத்தில் குறுக்கே ஓடும் ஊடை நூல் சரியாக உட்காராது என்பது எனக்குத் தெரியாததா? "தறிய வுட்டு எத்தினி வாட்டி எழுந்து போய்க்கினு இருந்தீங்க?" என்று எல்லார் முன்பும் கேட்டீர்கள். மானம் போய்விட்டது. சேலையைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு நான் செய்த முட்டாள்தனம் உங்களுக்குத் தெரியாது. தண்ணீர் குடித்தால்தானே எழுந்திருக்க வேண்டும் என்று, தொண்டையை நனைக்காமலே தறிக்குழியில் இறங்கினேன். பத்து நாள். சிறுநீர் நெருப்பாகக் கடுத்தது. கரையை உடலோடு இணைக்கும் கோர்வைக்காகப் பக்கத்தில் உட்காரும் கமலாட்சி, செம்புத் தண்ணீர் அப்படியே இருப்பதைப் பார்த்துத் திட்டித் தீர்த்தாள். அப்போதுதான், அடிக்கடி சிறுநீருக்கு எழுவது நோயாக இருக்கும் என்று ஊகித்து நீங்கள் வீடு தேடி வந்து, "கோவத்த அப்பறம் வெச்சிக்கலாம், மொதல்ல டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுத்துட்டு வாங்கபா" என்று ஆட்டோவில் ஏற்றினீர்கள்.

அடிக்கடி எழுந்ததற்குக் காரணம் புரோஸ்டேட் சுரப்பியின் சாதாரண வீக்கம்தான் என்றார் சென்னை டாக்டர். ஆனால் அடுத்தடுத்த சோதனைகளில், சுரப்பியின் ஒரு பக்கத்தில் சின்னதாகப் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. வெளியே பரவவில்லை. அதனால் சுரப்பியை எடுக்காமல், அல்ட்ராசவுண்ட் அலைகளை அந்த இடத்தில் மட்டும் குவித்துச் சுட்டுவிடலாம் என்றார். கத்தியே படவில்லை. மயக்கம் கொடுத்து, ஆசனவாய் வழியாகக் கருவியை வைத்தார்கள். இரண்டு மணி நேரம். மறுநாள் வீடு. ஒரு வாரம் சிறுநீர்க் குழாயும் பையுமாக இருந்தேன். அதை மஞ்சப்பைக்குள் மறைத்துக்கொண்டு, பார்க்க வந்தவர்களிடம் கடைக்குக் கிளம்புகிறேன் என்றேன். ஒருத்தரும் நம்பவில்லை.

உங்களுக்கு உள்ளுக்குள் என்ன பயம் என்று தெரியும். எனக்கும் அதே பயம்தான். துணி நனையுமா, ஆம்பிளையாக இருக்க முடியுமா? கேட்க வெட்கப்பட்டு நான் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கமலாட்சிதான் டாக்டரிடம் நேராகக் கேட்டாள். ஆபத்து குறைவு, இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன் என்றார். எட்டு மாதம் ஆகிறது. துணி நனையவில்லை. மற்றதற்கும் குறையில்லை (இதை எழுதும்போது கமலாட்சி பக்கத்தில் இல்லை). நோய் திரும்ப வரலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை சோதனைக்கு ரத்தம் கொடுத்து வருகிறேன்.

உங்களுக்கும் இதே வைத்தியம்தான் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்குப் புற்றே இல்லாமலும் இருக்கலாம். பார்த்தால்தானே தெரியும்?

உங்களுக்கு நான் நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. வீம்பு. இன்று மனம் நிறைந்து சொல்கிறேன். அன்று நட்புக்காக அந்தச் சேலையைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியிருந்தீர்களானால், நோய் பரவிய பிறகுதான் எனக்குத் தெரிந்திருக்கும்.

வைகாசியில் ஊருக்கு வந்து கருட சேவை பார்த்துவிட்டு, அப்புறம் ஸ்கேன் எடுப்பதாகச் சுகாசினியிடம் சொன்னீர்களாம். வேண்டாம், முதலில் ஸ்கேன். நேற்று ஏகாம்பரநாதர் கோயிலில் உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். உங்கள் பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார். வரதர் வருடா வருடம் கருடன் மேல் வீதிக்கு வருவார். நீங்களும் வருடா வருடம் வர வேண்டும்.

உங்களால் பிழைத்தவன்,
வேலாயுதம்