பத்து நாளில் வந்துவிடுவேன்

தலைவரம்மாவுக்கு,

நூலகர் சங்கத்துல கமிட்டித் தலைவர்களுக்காக நீ எழுதின வழிகாட்டி அச்சாகி வந்துடுச்சு. உன் இடத்துக்கு வந்திருக்கறவ, உன்னையே அக்கா அக்கான்னு சுத்தினவதான், இன்னிக்கு ஒரு பிரதி கொண்டுவந்தா. கூடவே உன் கமிட்டி மெயிலோட பாஸ்வேர்டையும் கேட்டா.

நீ போன இந்த நாலு மாசமா, "சர்வர்ல கோளாறு"ன்னு புளுகிட்டு இருந்தேன். சங்கத்து சர்வரைப் பாத்துக்கறவனே நான்தானே, யாரு கேக்கப் போறாங்க? ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறப்போ நீ போட்டு வெச்ச தானியங்கி பதில் இன்னும் ஓடுது: "விடுப்பில் இருக்கிறேன். பத்து நாளில் வந்துவிடுவேன்." ஒரு முகவரிக்கு ஒரு தடவைதான் அது வரும். அதைத் திரும்பத் திரும்ப வாங்கவே முப்பத்தோரு புது மெயில் முகவரி தொடங்கினேன். சிரிக்காதே.

"அண்ணா, அந்தப் பதிலைப் பாத்து மெம்பருங்க அழறாங்க. பன்னெண்டாம் பக்கம் பாருங்க"ன்னா.

"மெயில் பதவிக்குச் சொந்தம், நமக்கில்லை. விலகும் நாளிலேயே ஒப்படையுங்கள். வாங்குபவர் அவசரப்படுத்த வேண்டாம்"னு எழுதியிருக்கே.

"மெதுவா குடுங்கண்ணா. அவசரப்படுத்தினா அக்கா எந்திரிச்சு வந்து திட்டுவாங்க."

"அப்போ கொஞ்சம் அவசரப்படுத்தேன்"னேன்.

அவ பால்கனிக்குப் போயிட்டா.

இன்னொரு புது முகவரியிலேருந்து அனுப்பினேன். பதில் வந்துச்சு. படிச்சேன். அப்புறம் அந்தத் தானியங்கி பதிலை நிறுத்திட்டு, பாஸ்வேர்டைச் சீட்டுல எழுதி அவ கையில குடுத்தேன்.

இனிமே உன் மெயிலை அவதான் திறப்பா. அதனாலதான் இதைப் பேனாவால எழுதறேன். எங்க போடறதுன்னுதான் தெரியல.

உன் வீட்டுக்காரன்