கூப்பிடு தூரத்தில் ஒரு கச்சேரி

1972 மார்ச் 12, ஞாயிறு

டச்சஸ் இன்றும் வாளியை உதைத்தாள். நாற்பது மாடுகளில் அவளுக்கு மட்டும், தான்தான் பண்ணைக்கு முதலாளி என்ற நினைப்பு. "உன்னை மாதிரியே இருக்கும்மா" என்கிறான் கெல்வின். பெற்ற மகன் பேசுகிற பேச்சா?

தேவாலயம் விட்டு வரும்போது ஒரு செய்தி. பக்கத்துப் பண்ணை ஆர்னால்ட் பிக் தன் ஆற்றங்கரை மேய்ச்சல் நிலத்தை ஈஸ்டருக்குப் பாட்டுக்காரர்களிடம் விட்டுவிட்டானாம். நீளமுடி, வெறுங்கால், கூடாரம், மூன்று நாள் கச்சேரி. பத்தாயிரம் பேர் வருவார்களாம். இந்தப் பள்ளத்தாக்கில் நாய்களையும் சேர்த்தால்கூட நாங்கள் இருநூறு தேறமாட்டோம்.

மார்ச் 15, புதன்

மாதர் சங்கக் கூட்டம். தலைவி டோரீன் என்னோடு பள்ளியில் படித்தவள். நான் ஐந்தாவதோடு மாடு கறக்கப் போனேன். அவள் ஏழாவது வரை போனாள். அந்த இரண்டு வருஷத்தை இன்றுவரை என்னை மறக்கவிடவில்லை.

"துணியில்லாம ஆத்துல குளிப்பாங்களாம்!" அவள் சொன்ன விதத்தில் பாதிப் பேருக்கு ஆவல்தான் வந்தது.

நான் எழுந்தேன். என் வாய்க்கு எப்போதும் எனக்கு முன்னால் ஓடுகிற பழக்கம். "அவங்க கிளம்பிப் போற வரைக்கும் அந்த நிலத்துல நான் கால் வைக்க மாட்டேன். சத்தியம்!"

ஒரே கைதட்டல். நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 18, சனி

உள்ளூர்ப் பத்திரிகையில் என் பெயர்! 'கால் வைக்க மாட்டேன் – ஐவி தோர்பர்ன் சூளுரை.' மூன்று பிரதி வாங்கினேன்.

மார்ச் 20, திங்கள்

ஐயோ. வாயைத் தைத்துக்கொண்டிருக்கலாம்.

போனில் லொரெய்ன். என் பேத்தி, தாயில்லாமல் நான் வளர்த்த பிள்ளை. ஆசிரியர் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு பாட்டுக் குழுவோடு போனவள். "அந்தக் கூட்டத்தோட சுத்துற வரைக்கும் இந்த வீட்டுல கால் வைக்காதே" என்று சொல்லிவிட்டான் அவள் அப்பன் கெல்வின். அவளும் வைக்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இரண்டுக்கும் அப்படி ஒரு பிடிவாதம். எங்கிருந்து வந்ததோ!

"பாட்டி, ஈஸ்டர் சனிக்கிழமை ஆர்னால்ட் மாமா நிலத்துல பாடப்போறேன். நீ வருவேல்ல?"

நான் பேச்சை மாற்றினேன். "என்ன பாட்டுடி?"

"வந்து கேளு. உன்கிட்டருந்து திருடினதுதான். அப்புறம் பாட்டி, என் பேரு இப்ப லொரெய்ன் இல்ல. வெறும் ரெய்ன். மழை."

பாதிப் பெயரை வெட்டி எறிந்துவிட்டாள். மீதியாவது இருக்கிறதே. ஆனால் என்னிடம் திருட என்ன பாட்டு இருக்கிறது? தேவாலயத்திலேயே என்னைக் கடைசி வரிசையில்தான் நிறுத்துகிறார்கள்.

அவள் வீட்டுக்கு வரக் கூடாது. நான் அங்கே போகக் கூடாது. நடுவில் ஒரு கம்பி வேலி, கூப்பிடு தூரம். எதற்காக இவ்வளவு பேசினேன்?

மார்ச் 30, வியாழன்

கொட்டுகிறது. மழை என்று பெயர் வைத்துக்கொண்டு வந்தால் வேறென்ன செய்யும்?

மார்ச் 31, பெரிய வெள்ளி

வந்து இறங்கிவிட்டார்கள். பூ வரைந்த வேன்கள் சேற்றில் புதைந்து நிற்கின்றன. டோரீன் பறவை பார்க்கிற பைனாகுலரோடு எங்கள் வேலியோரம் நாற்காலி போட்டுவிட்டாள். கண்காணிக்கிறாளாம்.

"என்னடி தெரியுது?"

"அசிங்கம்."

"எங்கே, கொடு பாப்போம்."

"இரு ஐவி, நான் இன்னும் பாத்து முடிக்கலை."

தாடிக்காரப் பையன் ஒருவன் வேலிக்கு வந்தான். "பாட்டிம்மா, கொஞ்சம் பால் கிடைக்குமா? பதிலுக்கு அன்புதான் இருக்கு."

"அன்பை அந்த நாற்காலியில இருக்கிற அம்மாவுக்குக் கொடு. பாலை நான் தர்றேன்" என்றேன். டோரீன் சாயங்காலம்வரை என்னோடு பேசவில்லை.

கெல்வின் அந்தப் பக்கமே திரும்பவில்லை. ஆனால் ராத்திரிச் சாப்பாட்டில், யாரையோ கேட்பதுபோல, "நாளைக்கு எத்தனை மணிக்காம்?" என்றான். "எது?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றான்.

ஏப்ரல் 1, சனி

மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் வேலியின் மேல்கட்டையில் ஏறி உட்கார்ந்தேன், முழங்கால் வரை ரப்பர் கம்பூட் போட்ட இரண்டு காலும் எங்கள் பக்கம் தொங்க.

"சத்தியத்தோட விளிம்புல உக்காந்திருக்கே" என்றாள் டோரீன்.

"உக்காருறதைப் பத்தி நான் சத்தியமே பண்ணலையே."

மேடையில் லொரெய்ன். இளைத்துவிட்டாள். காலில் செருப்பில்லை. மைக்கின் முன் நின்று, கண்ணை மூடி, வாயைத் திறந்தாள்.

"ஊ— ஹோய்— யா—"

என் குரல்! பத்து வயதில் மாட்டுக் கொட்டிலுக்கு வந்த நாளில் நானே உண்டாக்கிய சத்தம். இந்த வீட்டு மாடுகள் அதற்குத்தான் வரும், வேறு எதற்கும் வராது. அதைச் சுற்றி ஒரு பாட்டுக் கட்டியிருக்கிறாள். "ஊ— ஹோய்— யா—" என்று கூட்டம் திருப்பிப் பாடியது. மலையில் மோதி இன்னொரு தடவை வந்தது. பள்ளிக்கூடத்தில் 'மெதுவாகப் பேசு, மெதுவாகப் பேசு' என்று அடி வாங்கிய தொண்டை இது. இப்போது பத்தாயிரம் பேர் அதில் பாடுகிறார்கள். அழுதேனா என்று டோரீன் கேட்டாள். காற்று என்றேன். காற்றே இல்லை.

அப்போது மணி மூன்று. மாலைக் கறவை நேரம். இத்தனை பெரிய ஒலிபெருக்கியில் யாராவது கூப்பிட்டால் மாடு என்ன செய்யும்?

முதலில் டச்சஸ் தலையைத் தூக்கினாள். பிறகு நாற்பதும். மடி கனக்கக் கனக்க ஓடி வந்தன. வேலி போயிற்று. வேலியோடு நானும் போனேன், அந்தப் பக்கமாக.

"ஐவி! கால்! கால்!" என்று கத்தினாள் டோரீன்.

"கம்பூட்தாண்டி வச்சிருக்கேன்! கால் உள்ள இருக்கு!"

அடுத்த அடியில் சேறு கம்பூட்டைப் பிடுங்கிக்கொண்டது. வெறுங்கால். போகட்டும் சத்தியம், மாடு முக்கியம்.

ஆற்றில் குளித்தவர்கள் அப்படியே எழுந்து ஓடினார்கள். மற்றவர்கள் இதுவும் கச்சேரியில் ஒரு பாகம் என்று நினைத்து மாடுகளுக்கு மாலை போட்டார்கள். டச்சஸ் மாலையைத் தின்றாள். நாற்பது மாடும் மேடைக்கு முன்னால் போய் நின்று லொரெய்னையே அண்ணாந்து பார்த்தது. நான் கூப்பிட்டேன், ஒன்றும் திரும்பவில்லை. கெல்வின் ஓடிவந்து தள்ளினான், கெஞ்சினான், வைதான். ஒரு வால்கூட அசையவில்லை.

கடைசியில் மேலே பார்த்தான். மகள் கீழே பார்த்தாள்.

"நீ கூப்பிட்டேல்ல? நீயே கொண்டுபோய் விடு" என்றான்.

"எங்கப்பா?"

"எங்கன்னா? வீட்டுக்குத்தான்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. காது சிவந்துவிட்டது. அவள் மேடையிலிருந்து குதித்து, பாடிக்கொண்டே முன்னால் நடந்தாள். பின்னால் நாற்பது மாடு, அதற்குப் பின்னால் ஒற்றைக் கம்பூட்டோடு நான், எல்லோருக்கும் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு கெல்வின்.

ஏப்ரல் 2, ஈஸ்டர்

லொரெய்ன் தன் பழைய அறையில் தூங்கினாள். காலைக் கறவைக்கு அவளே வந்தாள். அப்பனும் மகளும் மாட்டைப் பற்றி மட்டும் பேசினார்கள். "அது உதைக்கும்." "தெரியும்." அவ்வளவுதான். பால் கூடியிருக்கிறது. அளவு தப்பு என்று கெல்வின் இரண்டு தடவை பார்த்தான்.

ஏப்ரல் 4, செவ்வாய்

பூப்போட்ட வேன் வந்து அவளை ஏற்றிக்கொண்டது. "பதினஞ்சாம் தேதி கிராஃப்டன் டவுன்ல பாடுறோம் பாட்டி" என்றாள். நான் இரண்டடி தூரத்தில்தான் நின்றேன். ஆனால் அவள் சொன்னது வேலி வரைக்கும் கேட்டிருக்கும். அங்கே கெல்வின் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தான். திரும்பவில்லை.

ஏப்ரல் 8, சனி

பத்திரிகையில் 'கால் வைத்தார்!' என்று போட்டிருக்கிறார்கள். டோரீன் நாலு பிரதி வாங்கினாளாம்.

ஏப்ரல் 15, சனி

காலையில் கெல்வின், "சாயங்காலக் கறவைக்கு டோரீனை வரச் சொல்லியிருக்கேன். கிராஃப்டன்ல ஒரு கன்னுக்குட்டி பாக்கணும்" என்றான்.

"சரி" என்றேன்.

"நீயும் வாயேன். உனக்குத்தான் கன்னு பாக்கத் தெரியும்."

வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். கல்யாணத்துக்கு வாங்கிய கோட்டு, கழுத்தில் டை. கன்றுக்குட்டி அசந்துதான் போகப்போகிறது. தொப்பியில் எந்தப் பூ வைப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஹார்ன் அடிக்கிறான்.